வரி வெட்டிய பில்

1.
இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. 1998 நவராத்திரி முடிந்த கையோடு, இத்தாலியில், பலெர்மோவின் ஒரேத்தோ தெருவில், எங்கள் மேல்வீட்டுப் புனிதமலருக்கு வேலை போகப்போகிறது என்று கேள்விப்பட்டேன். காரணம், ஒரு கடைக்காரர் காட்டிய மரியாதை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பலெர்மோவின் மேல் மழை மெல்ல இறங்கிய அந்த மாலையில், பல்கலைக்கழகத்தின் நீண்ட’

அழித்துவிட்டேன். வேலை போகிற வீட்டில் மழையை யார் பார்க்கிறார்கள்?

2.
புனிதமலர் பல்கலைக்கழகத் துறையொன்றில் துப்புரவு வேலை செய்கிறாள். துறைக்குப் புதிதாக ஒரு கடனட்டை வந்திருந்தது. அதில் எதை வாங்கினாலும் வரியைத் தனியாகக் காட்டிய பில் வேண்டும். கருத்தரங்கொன்றுக்குத் தேயிலையும் பலகாரமும் தேவைப்பட, செயலாளர் எமிலியானாவைப் பல்லரோச் சந்தைக்குப் பக்கத்திலுள்ள இராஜதுரை கடைக்குக் கூட்டிப்போனவள் புனிதமலர்தான்.

படிப்பிக்கிற இடத்துக்கு என்று கேட்டதும் இராஜதுரை வரியை வெட்டிவிட்டு பில் எழுதினார். சரஸ்வதி பூசை நாளில் படிப்பிடத்திடம் வரி எடுக்கக்கூடாதாம்.

(அரசாங்கத்தின் வரியைத் தள்ளிவிட இவர் யார் என்று கேட்காதீர்கள். கோயிலுக்குப் போகும் தேங்காய்க்கு எங்கள் கடைக்காரர்கள் விலை போடுவதில்லை. அதே கைப்பழக்கம்தான்.)

கணக்குப் பிரிவு பில்லைத் திருப்பி அனுப்பியது. இந்தக் கடையைக் காட்டியது யார் என்றும் கேட்டது.

3.
எமிலியானாவைக் கொடியவளாக எழுதிப் பார்த்தேன். சரிவரவில்லை. அவளும் வேலைக்குப் பயந்தவள், தன்னைக் காப்பாற்ற இன்னொரு பெயரைச் சொன்னாள். எனக்கு அவள்மேல் கோபம் ஆறவேயில்லை.

புனிதமலரை வேலைக்கு வைத்திருந்த துப்புரவுக் கம்பனி, அவளுக்கு ஒப்பந்தம் இனி இல்லை என்றது. வேலைக் கடிதம் இல்லாவிட்டால் அவளுடைய பெர்மெஸ்ஸோவை, வதிவிட அனுமதியை, புதுப்பிக்க முடியாது. அது இல்லாமல் இந்த நாட்டில் இருக்கவும் முடியாது.

4.
அவள் இராஜதுரையிடம் போனாள். வாங்கிய தொகைக்குள்ளேயே வரியைக் காட்டி வேறு பில் எழுதுங்கள் என்று கேட்டாள். அவர் பில் புத்தகத்தை மூடிவைத்தார்.

“காசைப் பற்றி இல்லைப் பிள்ளை, வரியை நானே கட்டுறன். ஆனா சரஸ்வதிக்கு நேர்ந்து குடுத்ததை வித்ததெண்டு எழுதச் சொல்லுறாய். மகள் சோதினைக்கு இருக்கிறாள்.”

“எனக்கு வேறை வழியில்லை அண்ணை.”

எழுதிக்கொடுத்தார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லையாம்.

அதைப் புனிதமலர் கணக்குப் பிரிவில் கொடுத்தாள். ஒரே அட்டை, ஒரே பலகாரம், இரண்டு பில். முதலில் தவறு என்று நினைத்தவர்கள் இப்போது களவு என்று முடிவு கட்டினார்கள்.

(இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டேன். ஒரு நல்ல மனிதர் தன் நேர்த்தியை உடைத்தும் பயனில்லை என்பதை எந்த நடையில் எழுதுவது?)

5.
முடிவுகள்.

அ. எமிலியானா கணக்குப் பிரிவுக்குப் போய், கடைக்குப் போகச் சம்மதித்தது தான்தான் என்கிறாள். (அவள் போகவில்லை.)

ஆ. மேலதிகாரி ஒருவர் விசாரித்துச் சிரித்து, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொல்

இரண்டாவதைப் புனிதமலருக்கு வாசித்துக் காட்டினேன். மொண்டெல்லோக் கடற்கரையில் வேலை கேட்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். கோடை முடிந்து அங்கே பாதி உணவகங்கள் பூட்டிக் கிடக்கின்றன என்று இருவருக்கும் தெரியும்.

“கதையிலை எனக்கு வேலையைத் திருப்பிக் குடுக்கிறியளோ?”

“ஓம்.”

“வேண்டாம். வாசிக்கிறவை நான் தப்பிட்டன் எண்டு நினைச்சுப் புத்தகத்தை மூடிப்போடுவினம்.”

சப்பாத்தை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். ஆ-வை நான் முடிக்கவில்லை. நீங்களும் முடிக்காதீர்கள். அவள் இன்னும் பஸ் தரிப்பில்தான் நிற்கிறாள்.