பல்பு அழைத்த கல்யாணம்

குகனேஸ்வரன் வாங்கியது கைப்பேசியில் சொன்னால் நிறம் மாறும் மலிவுப் பல்பு. அவர் வேலை பார்க்கும் தேயிலைத் தோட்டத்திலோ கைப்பேசிக்கு லைன் கிடைக்க மலையுச்சிக்கு ஏற வேண்டும். ஆகவே பல்பைத் திறந்து, உள்ளேயிருந்த கடுகளவு மூளையைத் துடைத்து, வேறு பாடம் சொல்லிக்கொடுத்து, கோயில் வாசலில் மாட்டினார். அதனடியில் நின்று கைப்பேசியில் வைஃபையைத் திறந்தால், அவர் ஏற்றிவைத்த தோட்டத்துச் செய்தி வரும். இன்டர்நெட் வேண்டாம்.

லோரி வரும் நேரம், தண்ணீர் நிற்கும் நாள் எல்லாம் வந்தது. முனியாண்டிப் பெரியவர் இறந்த செய்தியைப் போட்டதும் தோட்டமே திரண்டது. அங்கேதான் குகனேஸ்வரனுக்குத் தலைக்கனம் ஏறியது. மகள் பூவிழியின் கல்யாண அழைப்பையும் பல்பிலேயே ஏற்றிவிட்டார்.

"நாப்பது வீட்டுக்கும் வெத்தலைத் தட்டோட நேர்ல போங்க," என்றாள் மனைவி ரஞ்சிதம்.

"நாப்பது வீட்லயும் டீ குடுப்பாங்க. எந்த மனுசன் தாங்குவான்? பல்பு டீ குடிக்காது லா."

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கையில் எதிர்வீட்டுத் தங்கம்மாவிடம், "ஞாயித்துக்கெழம எந்தச் சேலக்கா?" என்றார்.

"நான் கம்போங் ராஜா போறேன் தம்பி, நாத்தனார் வீட்டுக்கு."

"பல்புல படிக்கலியா?"

"படிச்சேனே, நல்லாத்தான் இருந்துச்சு. சாவுன்னா கேள்விப்பட்டாலே ஓடி வருவோம். கல்யாணத்துக்குக் கூப்பிட வேணாமா? இந்த லயத்து வீட்டுக்காரங்க ஒருத்தரும் வரல லா. பல்பு கூப்பிட்டா, பந்தியிலயும் பல்பா பரிமாறும்?"

ரிங்லெட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பஸ்ஸில் வருகிறார்கள். பெண் வீட்டுப் பக்கம் வெறும் நாற்காலிகள்தான் இருக்கும். பூவிழியின் முகத்தை நினைத்ததும் குகனேஸ்வரன் தட்டை எடுத்தார்.

நாற்பது வீடு, நாற்பது டீ. முப்பத்தொன்றாவது வீட்டுக்கு நடக்கையில் வயிற்றுக்குள் அலையடித்த சத்தத்துக்கு நாய் குரைத்தது. தங்கம்மா வீடு கடைசி. அவள் மட்டும் இரண்டாவது குவளையும் ஊற்றினாள்.

ஞாயிறன்று தோட்டமே வந்தது. நாற்காலி போதவில்லை. ஆனால் கோயிலிலிருந்து கொண்டுவந்து மண்டப வாசலில் பெருமைக்கு மாட்டிய பல்பு மட்டும் எரியவில்லை. கழற்றினார், துடைத்தார், மாட்டினார். ம்ஹூம்.

"அத யாரு கூப்பிட்டா?" என்றாள் தங்கம்மா, உள்ளே போகிற போக்கில்.

குகனேஸ்வரன் அக்கம்பக்கம் பார்த்தார். வெற்றிலைத் தட்டை மேலே நீட்டி, "குடும்பத்தோட வந்துரணும்," என்றார்.

எரிந்தது. உடனே இல்லை, கொஞ்சம் பிகு பண்ணிக்கொண்டுதான்.