நேராகப் போகிறவள்

1

இந்தக் கதை பேருந்து ஜன்னல் வழியாக என் மடியில் விழுந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

போன கார்த்திகையில், மழை விட்டிருந்த ஒரு காலை. காரைக்காலிலிருந்து கோட்டுச்சேரிக்குப் போகிற பேருந்து ஒரு சந்திப்பில் நின்றுவிட்டது. எதிர்ப்பக்கச் சாலையில் ஒரு ஸ்கூட்டர் சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் தண்ணீர் கேன் ஏற்றிய மினி வேன். ஒரு கேன் கீழே விழுந்து உடைந்து, ஏற்கெனவே நனைந்திருந்த தார்ச்சாலையை இன்னும் நனைத்துக்கொண்டிருந்தது. ஒரு பெண் இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்தபடி சாலையில் உட்கார்ந்திருந்தாள். வேன்காரர் அவளெதிரே குந்தியிருந்தார். இருவருக்கும் வாக்குவாதம்.

“தப்பு என்னுதுதான்மா.”

“இல்ல பாய், என்னுது.”

“நான் சொல்றேன்ல, என்னுதுன்னு.”

“எனக்குத் தெரியாதா?”

பேருந்து நகர்ந்துவிட்டது. எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் நானாக எழுதுவது. சந்திப்பின் பெயரையும் சொல்லப்போவதில்லை. தலத்தெருப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதைக்காக அதைக் கடலை நோக்கிக் கொஞ்சம் நகர்த்தியிருக்கிறேன்.

(இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. எட்டுப் போட்டுக் காட்டும் தேர்வில் இரண்டு முறை காலை ஊன்றித் தோற்ற ஆள் நான். சாலை விதிகளில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘சந்திப்புகளில்தான் மனிதர்கள் தங்கள்—’

நிறுத்திவிட்டேன். சந்திப்பு என்று எழுதியதும் கை தானாக வாழ்க்கையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறது. நான் சொல்ல வந்தது தார்ச்சாலையில் வெள்ளை வண்ணம் அடித்த சந்திப்பைப் பற்றி.

அவள் பெயர் எழில்மதி. முப்பத்தொன்பது வயது. வீடு கோட்டுச்சேரி. காரைக்காலில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் இரத்தம் எடுப்பவள். நாளொன்றுக்கு முப்பது, நாற்பது பேருடைய கையில் நரம்பைத் தேடிப் பிடிக்கிறாள். குழந்தைகள் அழுவதற்குள் எடுத்துவிடுவாள் என்று பெயர். காலை எட்டே முக்காலுக்கு அந்தச் சந்திப்பைத் தாண்டுவாள். பதினோரு வருடங்களாக, ஞாயிறு தவிர.

வடக்கிலிருந்து ஊருக்குள் வருகிறவர்களுக்கு அங்கே சாலை இரண்டு தடமாகப் பிரியும். இடது தடம் கடற்கரைப் பக்கம் திரும்புகிறவர்களுக்கு. வலது தடம் நேராகப் போகிறவர்களுக்கு. அம்புக்குறிகள் தேய்ந்து, தெரிந்தவர்களுக்கு மட்டுமே தெரியும். சிக்னல் விளக்கில் மஞ்சள் மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும். மஞ்சள் யாரையும் நிற்கச் சொல்வதில்லை, போகவும் சொல்வதில்லை.

அன்று எழில்மதி வழக்கம்போல வலது தடத்தில் வந்தாள். சஃபியுல்லா, ஐம்பத்திரண்டு வயது, தண்ணீர் கேன் வேனை இடது தடத்தில் ஓட்டி வந்தார். அவர் நேராகப் போக வேண்டியவர். வலது தடத்தில் கூட்டம் என்று இடதில் நுழைந்திருந்தார். அவளோ வலதிலிருந்து சட்டென்று இடப்பக்கம், கடற்கரைச் சாலைக்கு, திரும்பினாள். இருவரும் ஒருவர் தடத்தில் மற்றவர் இருந்திருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது. வேன் ஸ்கூட்டரை உரசித் தள்ளியது. மணிக்கட்டில் எலும்பு விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு.

நடந்தது இது. இதில் ஒரு பத்து நொடி மட்டும் அவளுக்கு நினைவில்லை. தேய்ந்த அம்புக்குறியைப் பார்த்தது நினைவிருக்கிறது. பிறகு சாலையில் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. நடுவில் ஒன்றுமில்லை.

3

அந்தப் பத்து நொடியை நான் எழுத வேண்டும். பலமுறை முயன்றேன்.

‘ஒரு கொக்கு தாழப் பறந்து கிழக்கே போயிற்று. அவள் அதன் பின்னாலேயே—’ கொக்கை எடுத்துவிட்டேன். பதினோரு வருடம் வேலைக்குப் போகிற ஒருத்தியைத் திருப்பும் வலு அந்தக் கொக்குக்கு இல்லை.

‘முந்தின நாள் கணவன் சொன்ன ஒரு சொல்—’ அப்படி அவன் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல மனிதன். பிறகு வருவான்.

கடைசியாக எழுதியதை மட்டும் வைத்திருக்கிறேன்: மழை விட்ட வெளிச்சம். சாலை முழுக்க வானம் கிடந்தது. மஞ்சள் விளக்கு மேலேயும் மினுக்கியது, கீழே தண்ணீரிலும் மினுக்கியது. இடப்பக்கத்திலிருந்து காற்று வந்தது. அதில் உப்பு இருந்தது. யாரோ உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்து மெல்லத் திருப்புவதுபோல முகம் அந்தப் பக்கம் திரும்பியது. முகம் போன பக்கம் தோள் போயிற்று. தோள் போன பக்கம் வண்டி போயிற்று. ஒலியெல்லாம் எங்கோ நின்றுவிட்டது. கண்ணாடிக் குழாயில் இரத்தம் ஏறும்போது அவள் தினமும் கேட்கிற அமைதி அது. ஆனால் இந்த முறை அது அவளுக்கானது.

இதுவும் சரியில்லை. ஆனால் எனக்கு இதற்குமேல் தெரியவில்லை.

4

அவள் கணவன் நெடுமாறன் தகவல் கேட்டதும் அலுவலகத்திலிருந்து அப்படியே வந்தான். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. காலில் செருப்பில்லை. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஈரக்கால் தடம் பதிய ஓடிவந்தவனைப் பார்த்து அவளுக்குத்தான் அழுகை வந்தது.

(இவனைக் கெட்டவனாக எழுதினால் கதை சுலபமாக முடிந்துவிடும். இரண்டு நாள் முயன்றேன். செருப்பில்லாமல் வந்துவிட்டதால் முடியவில்லை.)

அவன் அரசு அலுவலகமொன்றில் எழுத்தர். மனு எழுதுவதில் கைதேர்ந்தவன். மறுநாள் மாலையே அவளுக்கான வாக்குமூலத்தைத் தயார் செய்துவிட்டான். ‘நான் நேராகச் செல்லும் தடத்தில் நேராகச் சென்றுகொண்டிருந்தேன். இடது தடத்தில் வந்த வேன், விதியை மீறி நேராக வந்து, என் வாகனத்தின் மீது மோதியது.’

படித்துக் காட்டினான். “சரியா?”

“வண்டி கெழக்கப் பாத்துல்ல கெடந்துச்சு,” என்றாள் எழில்மதி.

“இடிச்ச வேகத்துல திரும்பியிருக்கும்.”

“இருக்கலாம்.”

“தெனம் நேராத்தானே போவ, மதி. நேத்து மட்டும் லெப்ட்டுல என்ன வேலை ஒனக்கு? அங்க கடல்தானே இருக்கு.”

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். அவன் வாக்கியத்தில் பிழையில்லை. எழுவாய், பயனிலை எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அதில் இருந்த பெண் பதினோரு வருடமும் நேராகப் போனவள். அந்தப் பெண்ணைத்தான் அவனுக்குத் தெரியும் என்று அவளுக்குத் தோன்றியது. அவனுடைய பயமும் புரிந்தது. வேன்மேல் தப்பு என்றால் அது வெளியிலிருந்து வந்த ஆபத்து. இல்லையென்றால் எங்கிருந்து வந்தது?

“அந்த பாய்க்கு வேலை போயிரும்ங்க. கேஸ் ஆனா மொதலாளி சாவிய வாங்கிடுவாராம்.”

“அதுக்கு நாம என்ன பண்றது? பெரிய வண்டி ஓட்டுறவன்தான் பாத்து ஓட்டணும்.”

5

ஒரு வாசக நண்பர் கேட்டார்: இந்தக் காலத்தில் சந்திப்பில் கேமரா இல்லாமலா?

இருந்தது. முதல் பிரதியில் மூலைக் கடைக்கு மேலே ஒன்று வைத்திருந்தேன். அது எல்லாவற்றையும் பார்த்துவிட்டது. நான்காம் பக்கத்திலேயே கதை முடிந்து, எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதனால் அந்தக் கேமராவைக் கடையின் படிக்கட்டைப் பார்க்கத் திருப்பிவிட்டேன்.*

* காட்சி இருந்திருந்தாலும் வண்டிகள் தெரிந்திருக்கும். காற்று தெரிந்திருக்காது.

6

மூன்றாம் நாள் காலை காவல் நிலையம். ஏட்டு சிவக்குமார் சிவப்புத் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, நெடுமாறன் எழுதியதை உரக்கப் படித்தார். எழில்மதி கட்டுப் போட்ட கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். சஃபியுல்லா நின்றுகொண்டிருந்தார்.

“என்ன பாய், இதுல இருக்குறது சரிதானா?”

“சரிதாங்க. எந்தப்புதான். லெப்ட்டு லேன்ல நேரா வந்தது நாந்தான்.” கொஞ்சம் தயங்கினார். “ஒண்ணு மட்டும் விட்டுப்போச்சு.”

“என்ன?”

“அம்மா இண்டிகேட்டர் போட்டுருந்தாங்க. லெப்ட்டுக்கு.”

“அதெல்லாம் இல்லீங்க,” என்றான் நெடுமாறன்.

“எரிஞ்சுதுங்க. இந்தக் கண்ணால பாத்தேன். ஒரு வருசமா அதே நேரத்துக்கு அவங்களப் பாக்குறேன். நேராப் போறவங்க. தெரியாம கைபட்டு எரியுது போலன்னு நெனச்சு வேகத்தக் கொறைக்கல. எரியுற வெளக்க நம்பல பாருங்க, அதைத்தான் தப்புன்னு சொல்றேன்.”

சிவக்குமார் தாளை மேசைமேல் வைத்தார்.

மாவுக்கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த எழில்மதியின் இடது கட்டைவிரல் தானாக அசைந்தது. இழந்த பத்து நொடியில் ஒரு நொடி திரும்பி வந்தது. பொத்தானின் வழவழப்பு, அது நகர்ந்த சின்ன ‘க்ளிக்’. காற்று இழுத்துக்கொண்டு போகவில்லை. தூக்கமுமில்லை. விரல் போட்டிருக்கிறது.

(இதை நான் திட்டமிடவில்லை. மூன்றாம் பகுதியில் அவ்வளவு பாடுபட்டு எழுதிய காற்றை சஃபியுல்லா ஒரே வாக்கியத்தில் தள்ளிவிட்டார். அந்தப் பகுதியை அடிக்காமல் விட்டிருக்கிறேன், நான் எங்கே தவறினேன் என்று நீங்கள் பார்க்கட்டும் என்று.)

“அப்படின்னா ரெண்டு பக்கமும் கவனக்குறைவுன்னு போட்டு, சமாதானமா முடிச்சிரலாம்,” என்றார் சிவக்குமார்.

“கவனக்குறைவு இல்லீங்க,” என்றாள் எழில்மதி. நரம்பு தேடுகிறவளுக்கு அந்தச் சொல் ஆகாது. “நான் தெரிஞ்சுதான் திரும்புனேன். தப்பான லேன்லேர்ந்து திரும்புனேன். அது எந்தப்பு.”

“எதுக்கும்மா திரும்புனீங்க?”

“கடல் பாக்க.”

“வேலைக்குப் போற நேரத்துல?”

“ஆமாங்க.”

சிவக்குமார் பேனா மூடியை மேசையில் தட்டிக்கொண்டிருந்தார். “இத எந்தக் கட்டத்துல எழுதுறது,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு வெள்ளைத்தாள் ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினார். “நீங்களே எழுதிக் குடுங்கம்மா.”

நெடுமாறன் தன் வாக்குமூலத்தை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஆனால் அவள் எழுதும்போது தாள் நகராமல் இருக்க ஓரத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

அவள் நான்கு வரி எழுதினாள். தடம் மாறித் திரும்பியது. விளக்குப் போட்டது. கடல் பார்க்கப் போனது. ஓட்டுநர்மேல் புகார் இல்லை. கேஸ் பதிவாகவில்லை. சஃபியுல்லாவிடமே சாவி இருந்தது. வாசலில் அவர் சொன்னார்:

“இனிமே வெளக்கு எரிஞ்சா நம்புறேம்மா. யாரு வண்டியா இருந்தாலும்.”

7

திரும்பும்போது நெடுமாறன் பைக்கை மெதுவாக ஓட்டினான். கொஞ்ச தூரம் போன பிறகு முன்னால் பார்த்தபடியே கேட்டான்.

“எத்தன நாளா?”

“எதுங்க?”

“திரும்பணும்னு.”

அவள் யோசித்தாள். “தெரியல. தெனம் அந்த எடத்துல காத்து வரும். அவ்ளோதான்.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா நீங்களும் வந்திருப்பீங்க.”

பைக்கின் ஓட்டத்தில் ஒன்றும் மாறவில்லை. அவன் முதுகு மட்டும் சற்று நிமிர்ந்து, பிறகு பழையபடி ஆயிற்று. அவள் அவன் தோளில் வலது கையை வைத்தாள். எடுக்கவில்லை.

8

இனி முடிவு.

ஒரு முடிவில் அவர்கள் நேராக வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவன் சோறு வைத்தான், அவள் ஒரு கையால் சாப்பிட்டாள், எல்லாம் பழையபடி ஆகும்போல இருந்தது. நம்பும்படி இருந்ததாலேயே அதை எடுத்துவிட்டேன். இன்னொன்றில் இருவரும் கடற்கரைக்குப் போய் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள், சூரியன்— சூரியன் வந்ததும் தாளைக் கசக்கிவிட்டேன். அவள் முந்தின பகுதியில் சொன்னதை நானே காதில் வாங்கவில்லை என்று தெரிந்தது.

மிச்சமிருப்பது இதுதான். அதே சந்திப்பு. ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு இப்போது கடல் வலப்பக்கம். வெயில் ஏறவில்லை. நெடுமாறன் ஓரமாக, மூலைக் கடை எதிரே பைக்கை நிறுத்துகிறான். ஓர் ஆட்டோவைக் கைகாட்டுகிறான்.

“கைய ஆட்டாம ஒக்காந்து போ,” என்கிறான். “நான் இங்கயே டீ குடிச்சுட்டு நிக்கிறேன். நீ எப்ப வேணா வா.”

எழில்மதி இறங்குகிறாள். ஆட்டோக்காரர் கடற்கரையா, கோட்டுச்சேரியா என்று கேட்கிறார். அவள் ஆட்டோவைப் பார்க்கிறாள், கடைக்குள் போகும் கணவனின் முதுகைப் பார்க்கிறாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அது அவனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரியும்.

நான் அவளை ஏற்றியும் விடலாம், அவன் பின்னாலேயே அனுப்பியும் விடலாம். இரண்டுக்கும் வாக்கியம் தயாராக இருக்கிறது. ஆனால் இவ்வளவு நேரம் அவள் போகும் வழியில் நான்தான் குறுக்கே குறுக்கே வந்துகொண்டிருந்தேன். இந்த இடத்தில் முதலில் போக வேண்டியவள் அவள்.

நான் நின்றுகொள்கிறேன். பின்னால் நிற்கிற வண்டி உங்களுடையது. ஹாரன் அடிக்காதீர்கள்.