பச்சைச் சட்டைக்குப் பின்னால்

கால்வாய்ச் சரிவு வந்ததும் இருவரும் சைக்கிள் மிதிப்பதை நிறுத்தினார்கள். சக்கரங்கள் கிர்ரென்று தாமாகவே ஓடின. பின்னால் வந்த அண்ணன் காலிரண்டையும் பரப்பிக்கொண்டு "ஹோய்" என்று போட்ட சத்தத்தில் தண்ணீரில் கிடந்த வாத்துகள் சிதறின. நாற்பத்திரண்டு வயது ஆள்! தங்கை சிரித்தாள். சிரிக்கும்போதே, நாளை மறுநாள் தனக்கு விமானம் என்பது நினைவுக்கு வந்தது.

வெளிநாட்டு ஆய்வுக்கூடத்தில் மூன்று வருட வேலை. "நீ போகலைன்னா நான் சாப்பிட மாட்டேன்" என்று கையெழுத்துப் போட வைத்தவனே அண்ணன்தான். புத்தகம் கட்டும் பட்டறையின் மாடிப்படியில் விழுந்து தலையில் அடிபட்டதிலிருந்து அவனுக்கு எல்லாம் நினைவிருந்தது, வழி மட்டும் மனதில் நிற்கவில்லை. புத்தகம் தைக்கிற கை அப்படியே இருந்தது. "தானா வந்து தானா போனா உன் நாற்காலி உனக்குத்தான். ஆள் விட்டுக் கூட்டிட்டு வர என்னால ஆகாதுப்பா" என்றுவிட்டார் முதலாளி. சாப்பாட்டைக் கீழ்வீட்டு டீச்சர் பார்த்துக்கொள்வார். மீதி இருந்தது வீட்டிலிருந்து பட்டறைக்கு நான்கு கிலோமீட்டர்.

அந்த வழியைப் பழக்குவதையும் முறையாகவே செய்தாள். முப்பது நாள், காலையும் மாலையும். ஒவ்வொரு திருப்பத்தையும் அட்டையில் எழுதினாள்: பேக்கரி, நேரே. தண்ணீர்த் தொட்டி, இடது. அவன் அந்த அட்டைகளைத் தைத்து, துணிமுதுகு ஒட்டி, சட்டைப்பையில் அடங்குகிற புத்தகமாக்கினான். திரும்புமுன் அவள் கையை நீட்டுவாள். பின்னால் அவனும் நீட்டுவான். ஞாயிற்றுக்கிழமைகளில் பாடத்தை விட்டுவிட்டு ரயில் பாதையோரமாக ஊர் சுற்றினார்கள். சின்ன வயதில் அவன் போகிற இடமெல்லாம் ஒட்டிக்கொண்டு வந்ததற்காக அவளுக்கு வாலு என்று பேர் வைத்தவன் அவன். "இப்ப யாரு வாலு?" என்று கேட்டுத் தானே சிரிப்பான்.

விமானத்துக்கு முந்தைய நாள் காலை, "இன்னிக்கு நீ முன்னால போண்ணா" என்றாள்.

"என் வேகத்துக்கு உன்னால வர முடியாது, பாரு."

பேக்கரியைத் தாண்டினான். சந்திப்பில் ஒரு காலை ஊன்றி நின்றான். புத்தகத்தை எடுத்துப் பார்த்தான். அண்ணாந்து பார்த்தான்.

"இவ்வளவு பெரிய தொட்டி நேத்தும் இங்கதான் இருந்துச்சா?"

"முப்பது நாளா இதுக்குக் கீழதானேண்ணா போறோம்!"

"நான் ரோட்டைப் பாக்கவே இல்ல வாலு. உன் பச்சைச் சட்டையைப் பாத்துட்டே வந்துட்டேன்." அவள் முகம் வாடியதை அவன் கவனித்திருக்க வேண்டும். "அதுக்காக டிக்கெட்டைக் கிழிச்சுடாதே. பட்டினிதான், சொல்லிட்டேன்."

ஒரு மாதமாகத் தன் முதுகைத்தான் அவனுக்குப் பாடம் நடத்தியிருக்கிறாள். அன்று இருட்டும்வரை ஆறு முறை அவனை முன்னால் விட்டுப் போய்வந்தார்கள். மூன்று முறை சரி.

விமான நாளன்று காலை டாக்ஸி வந்தது. பெட்டிகளை அவனே ஏற்றினான். "எனக்கும் பட்டறைக்கு நேரமாச்சு" என்று சைக்கிளை எடுத்தான்.

"யாரும்மா அவரு? நம்ம பின்னாலயே வர்றாரு" என்றார் டிரைவர்.

"எங்க அண்ணன். கொஞ்சம் மெதுவாப் போங்க."

தொட்டி வந்தது. பட்டறைக்கு இடது, விமான நிலையத்துக்கு வலது. டிரைவர் வலப்பக்க விளக்கைப் போட்டார். அவள் கண்ணாடியை இறக்கி, பச்சைச் சட்டைக் கையை இடது பக்கம் முழங்கை மடங்காமல் வெளியே நீட்டினாள். கார் வலப்புறம் திரும்பத் தொடங்கியது.

பக்கக் கண்ணாடியில் அவன் கையும் இடப்பக்கம் நீண்டது. முன்சக்கரம் இன்னும் நேராகவே வந்துகொண்டிருந்தது.