ஏழு வாத்தும் ஒரு வரிசை மிதவையும்

1.
இந்தக் கதை ஒரு கேலியிலிருந்து பிறந்தது. இங்கிலாந்தின் பென்னைன் மலைமேல் இருக்கும் எங்கள் நீர்த்தேக்கத்தில் பறவை பார்க்கும் நார்மன், போன மார்ச்சில், "கடல் வாத்து வந்திருக்கு!" என்று எல்லோருக்கும் செய்தி அனுப்பினார். ஆலங்கட்டி மழையில் ஆறு கார்கள் மலையேறின. பார்த்தால், அணையோரம் புதிதாகக் கட்டிய கறுப்பு மிதவைகள். அன்றிலிருந்து அவர் மிதவை நார்மன்.

2.
மூடுபனி நீரை ஒரு தாயைப்போல அணைத்து...

(வேண்டாம். மார்ச்சில் அங்கே நின்றவர் யாரும் இப்படி எழுதமாட்டார். மூக்கு ஒழுகும்.)

மறுபடி: இந்த மார்ச்சில், பனிக்குள் ஏழு கரிய கடல் வாத்துகளை நார்மன் பார்த்தார். ஒன்று முழுகி எழுந்தது. மிதவை முழுகாது.

[கடல் வாத்துக்கு மலையில் என்ன வேலை? மேற்குக் கடலிலிருந்து கிழக்குக் கடலுக்கு இரவில் நாட்டின் குறுக்கே பறக்கும். மழையோ பனியோ மறித்தால் அகப்பட்ட நீரில் இறங்கிவிடும்; வானம் தெளிந்ததும் கிளம்பிவிடும். நாங்கள் மோசமான வானிலைக்கு ஏங்குவது இதனால்தான்.]

3.
தனியாகப் பார்த்தேன் என்று நார்மன் சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை. போன வருடம் ஏமாந்து திரும்பியவர்களில் ஒருவரான ஹேசலை ஃபோனில் அழைத்தார்.

"என்னப்பா, மிதவை குஞ்சு பொரிச்சிருச்சா?"

"முழுகுது ஹேசல். கண்ணால பார்த்தேன்."

"மிதவையோட சங்கிலி அறுந்திருக்கும்."

"விளையாடாதே. பனி கலையுது, சீக்கிரம் வா."

"இப்பதான் டீ ஊத்தினேன்... சரி, ஃபிளாஸ்க்ல எடுத்துட்டு வர்றேன். இந்தத் தடவையும் மிதவைன்னா, உன்னையும் சேர்த்துக் கட்டிருவேன்."

(ஹேசல் ஏன் வருகிறார்? இரக்கத்தால் என்று முதலில் எழுதியிருந்தேன். பொய். எங்கள் கூட்டத்தில் இரக்கத்தைவிடப் பயம் பெரிது: ஒருவேளை நிஜமாக இருந்து, தான் மட்டும் பார்க்காமல் போய்விட்டால்?)

4.
இப்போது சிக்கல் எனக்கு. பனி கலையாவிட்டால் ஹேசலுக்கு ஒன்றும் தெரியாது. முழுக்கக் கலைந்தால் அவர் வருமுன் வாத்துகள் போய்விடும். நார்மனுக்கு வேண்டியது அரைகுறைப் பனி. அதை எழுதிக்கொடுக்கக் கை வரவில்லை. அது வானிலை இல்லை, சலுகை.

ஒரு முடிவு: வாத்துகள் எழும்பிப் பறக்க, ஹேசல் வாய்...

இன்னொன்று: வெறும் நீர், மிதவைகள் மட்டும்...

இரண்டையும் விட்டுவிட்டேன். ஹேசல் வந்தாயிற்று. கல்மதிலோரம் நின்று பைனாகுலரைத் துடைக்கிறார்.

"எங்கே?"

நார்மன் கை நீட்டுகிறார். பனிக்குள் கறுப்பாக ஒரு வரிசை. வாத்தா, மிதவையா, இங்கிருந்து எனக்கும் தெரியவில்லை.

நீங்களும் பக்கத்தில் வந்து நில்லுங்கள். ஏதாவது ஒன்று முழுகினால் சத்தமாகச் சொல்லுங்கள். நார்மன் சொன்னால் நம்பமாட்டார்கள்.