மெத் தெராமென் பன்னிரண்டாம் தேதி இருந்த இடம்

மயாமி ஐம்பத்து நான்காம் தெருவின் சகல ஹைத்தியர்களுக்கும், முடிதிருத்தும் கடைகளில் முடி வெட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்திருப்போருக்கும், வானொலி கேட்போருக்கும், கேட்காமல் சத்தமாக மட்டும் வைத்திருப்போருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: நமது தலைநகரம் போர்தோபிரான்ஸ் நிலநடுக்கத்தில் இடிந்து விழுந்த ஜனவரி பன்னிரண்டாம் தேதியன்று, நீதி அமைச்சகத்தின் கூரைக்கு அடியிலிருந்து தம்மைத் தாமே தோண்டி எடுத்துக்கொண்டதோடு நில்லாமல், மூன்று குழந்தைகளை உயிரோடும் கணக்கற்றவர்களை உயிரில்லாமலும் தோண்டி எடுத்த மெத் தெராமென் அவர்கள், வருகிற ஞாயிறு நமது திருச்சபையில் சாட்சி சொல்வார். ஆராதனைக்குப் பிறகு பன்றி வறுவல் உண்டு.

இப்படி மார்ச் மாதத்தில் வானொலியில் வாசித்தவர் பாஸ்டர் லுபான். அதைக் கேட்டபடி தன் வாடகை அறையில் எலுமிச்சைத் துண்டால் நகக்கண்களைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் மெத் தெராமென்.

மெத் என்று எங்கள் ஆட்கள் வக்கீல்களைத்தான் அழைப்பார்கள். தெராமென் ஹைத்தியில் ஜக்மெல் நகர நீதிமன்றத்தில் ஒரு வக்கீலின் பையைத் தூக்கிக்கொண்டு ஆறு வருடம் நடந்தவர். கடலைத் தாண்டும்போது பை அங்கேயே தங்கிவிட்டது, பட்டம் மட்டும் கூட வந்தது. வெள்ளை லினன் கோட்டு, கக்கத்தில் ஒரு தோல் உறை. உறைக்குள் பழைய பேருந்து அட்டவணை.

அவருக்குக் காகிதம் கிடையாது. விசா முடிந்து பதினோரு வருடம். இது யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதற்காகவே வருடாவருடம் நவம்பரில், "ஒரு வழக்கு விஷயமா போர்தோபிரான்ஸ் வரைக்கும் போய்ட்டு வர்றேன்" என்று தெருவில் எல்லோரிடமும் விடைபெறுவார். காகிதம் இல்லாதவன் ஊருக்குப் போனால் திரும்ப முடியாது. ஆகவே போய்த் திரும்புகிறவனிடம் காகிதம் இருக்கிறது. இதைவிட நல்ல அத்தாட்சி எங்கள் தெருவில் கிடையாது.

அவர் போவதோ இதே மாநிலத்திலுள்ள இம்மோகாலிக்கு. பேருந்தில் மூன்று மணி நேரம். அங்கே நான்கு மாதம் தக்காளி பறிப்பார். மார்ச்சில், இரண்டு தெரு தள்ளியுள்ள கடையில் ஊர் ரம் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு, விமானத்தில் வந்த களைப்போடு இறங்குவார்.

தக்காளிச் செடியின் பச்சைக் கறை கையில் தார் போல ஒட்டும். வெளுப்புத் தூளும் எலுமிச்சையும் போட்டு அவர் தேய்த்த தேய்ப்பில் தோல் உரிந்து, நகங்கள் பிளந்திருந்தன. மற்ற வருடங்களில் கைகளைச் சட்டைப்பையில் வைத்துச் சமாளித்துவிடுவார். இந்த வருடம் பேருந்து நிலையத்திலிருந்து வந்தவரை வழியிலேயே பார்த்த ஒரு கிழவி அந்தக் கைகளைப் பிடித்து, "ஐயோ, வெறுங்கையாலயா தோண்டுனீங்க மெத்?" என்று முத்தமிட்டு அழுதாள்.

இல்லை என்று சொல்ல அவருக்கு ஒரு நொடி அவகாசம் இருந்தது. அந்த நொடியில் அவர் வானத்தைப் பார்த்தார். மீதியைத் தெரு பார்த்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொன்னபோது குழந்தைகள் மூன்று. ஏப்ரலில் ஐந்து. திருச்சபைச் சுவரில் அவருடைய படம் ஏறியது. கீழே ஆங்கிலத்திலும் எங்கள் கிரெயோல் மொழியிலும், 'பன்னிரண்டாம் தேதி அங்கே இருந்தவர்' என்ற வாசகம்.

இதற்கிடையில் அமெரிக்க அரசாங்கம் இரக்கப்பட்டது. தற்காலிகப் பாதுகாப்பு தரும், ஒன்றரை வருடம் நாடு கடத்தாது, வேலை செய்ய அட்டையும் தரும். ஒரே நிபந்தனை: நிலநடுக்கத்தன்று இங்கே இருந்திருக்க வேண்டும். இடிபாட்டில் மாட்டியவனுக்கு இல்லை, மாட்டாதவனுக்கு உண்டு. அரசாங்கத்தின் இரக்கத்துக்கும் ஒரு கணக்கு உண்டுதானே.

திருச்சபைக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் விண்ணப்பம் எழுதும் முகாம் நடந்தது. சட்ட உதவி அலுவலகத்திலிருந்து நதேஜ் என்ற பெண் வருவாள். இங்கேயே பிறந்தவள், கிரெயோல் நன்றாகப் பேசுவாள், காது மந்தமான கிழவர்களிடம் பேசிப் பேசித் தொண்டை பெரிதாகிவிட்டது. பக்கத்து மேசையில், யாரும் கேட்டுக்கொள்ளாமலே, மெத் தெராமென்.

"பன்னிரண்டாம் தேதி எங்க இருந்த?" என்று வருகிறவர்களை விரட்டுவார். "இங்கதான்னு வாயால சொன்னா ஆச்சா? காகிதம் எங்க? சாட்சி எங்க? சட்டம்னா சும்மாவா?"

மற்றவர்களுக்கு வாடகைச் சீட்டோ பள்ளிக்கூடச் சீட்டோ ஏதாவது இருந்தது. இல்லாதவர்களுக்குப் பாஸ்டர் கடிதம் கொடுத்தார். மெத்துக்கு அந்தக் கடிதம் ஒன்றே போதும். ஆனால் பாஸ்டரிடம் போய் என்ன கேட்பது? படத்தைக் கழற்றிவிட்டு, அதே பேனாவால் நான் இங்கே இருந்தேன் என்று எழுதுங்கள் என்றா? வீட்டுக்காரி ரசீது கொடுப்பதில்லை. வயல் கங்காணி கூலியை ரொக்கமாகக் கொடுப்பவன், பெயர்கூடக் கேட்கமாட்டான். விண்ணப்பிக்கக் கடைசி நாள் நெருங்க நெருங்க, அடுத்தவருக்கு எழுதிக்கொடுத்த விண்ணப்பங்களில் அவர் எழுத்து கோணத் தொடங்கியது.

ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை சிலியான் வந்தாள்.

இம்மோகாலியில் மெத்துக்குப் பக்கத்து வரிசை அவளுடையது. நான்கு குளிர்காலமாக. ஹைத்தியில் அம்மாவிடம் விட்டுவந்திருந்த மகன் வெஸ்னெர், பதினோரு வயது, இடிந்த பள்ளிக்கூடத்தோடு போய்விட்டான். விண்ணப்பம் கொடுக்க வந்தவள் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்தாள். மெத்தைச் சுற்றி ஏழெட்டுப் பேர்.

"இவரு யாருன்னு தெரியுமா சகோதரி?" என்றாள் கைக்கு முத்தமிட்ட கிழவி. "அன்னைக்கு அங்க இருந்தவரு. எத்தனை புள்ளைங்களைத் தன் கையால தூக்குனாரு!"

சிலியான் நிதானமாகக் கேட்டாள். "அப்படியா மெத்? மஞ்சச் சட்டை போட்ட ஒரு பையன், முன்பல்லு ஒண்ணு உடைஞ்சிருக்கும். பாத்தீங்களா?"

கூட்டம் மெத்தின் வாயைப் பார்த்தது. இரண்டாவது முறையாக அவருக்கு ஒரு நொடி கிடைத்தது.

"பார்த்தேன்," என்றார். "தூங்குற மாதிரி அமைதியா இருந்தான்."

கிழவி அழுதாள். சிலியான் தலையாட்டிவிட்டு நதேஜிடம் போனாள். அவளிடம் ஆதாரம் இருந்தது. நிலநடுக்கச் சேதி கேட்டு வயலில் மயங்கி விழுந்தவளைச் சேர்த்த ஆஸ்பத்திரியின் சீட்டு. தேதி, ஜனவரி பன்னிரண்டு. "இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது," என்று நதேஜ் சொல்லிவிட்டு, சொன்னதற்காக நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் மெத் அவளைப் பிடித்தார்.

"சிலியான், ஒரு சின்ன உதவி."

"உங்களுக்கா? வயல்ல 'ஏ கோட்டு'ன்னு கூப்பிடுவோம். இங்க வந்தா மெத்தாம்ல."

"அன்னைக்கு நான் உன் பக்கத்துலதான இருந்தேன். அதை ஒரு கடிதமா..."

"எம் புள்ளை அமைதியா இருந்தான்னீங்களே?"

"ஜனங்க நின்னாங்கம்மா. வேற என்னத்தைச் சொல்றது?"

"பாக்கலன்னு சொல்றது."

மெத் தன் காலணியைப் பார்த்தார்.

"தர்றேன்," என்றாள். "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நீங்களே எழுதிட்டு வாங்க. கைநாட்டு வைக்கிறேன்."

படிக்கத் தெரியாத சாட்சி! கடவுள் தன்னைக் கைவிடவில்லை என்று மெத்துக்கு நிச்சயமானது. ஒரு வாரம் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினார். தக்காளி என்ற சொல் எங்கும் வராமல் எழுதினார்.

அடுத்த சனிக்கிழமை சிலியானைக் கூட்டிவந்து, விண்ணப்பத்தையும் கடிதத்தையும் நதேஜின் மேசையில் கவிழ்த்து வைத்து, "ஒரு நண்பருடையது" என்றார். அவள் திருப்பிப் பார்த்தாள், நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு சிலியானைப் பார்த்து, "படிக்கத் தெரியாதா அக்கா? அப்ப நான் வாசிச்சுக் காட்டணும். வாசிச்சுக் காட்டாம கைநாட்டு வாங்கக் கூடாது," என்றாள்.

"நான் வாசிச்சுக் காட்டிட்டேன்," என்றார் மெத்.

"சம்பந்தப்பட்டவரு வாசிக்கக் கூடாதுங்க. சட்டம்னா சும்மாவா?" அவர் சொல்லிச் சொல்லி அவளுக்குப் பாடமாகியிருந்தது.

அந்தப் பெரிய தொண்டை திறந்தது. கூடத்தில் எண்பது பேர்.

"'மாண்புமிகு மெத் தெராமென் அவர்கள் ஜனவரி பன்னிரண்டாம் தேதி மாலை, புளோரிடா மாநிலம் இம்மோகாலி வட்டாரத்து வேளாண் நிலப்பரப்பில் பணி நிமித்தம் என்னுடன் இருந்தார்...'" வாசிப்பை நிறுத்தினாள். "பணி நிமித்தம்னா? என்ன வேலைன்னு தெளிவா இல்லாட்டி திருப்பி அனுப்பிடுவாங்க."

"தக்காளி பறிச்சாரு," என்றாள் சிலியான்.

நதேஜ் அதை எழுதிக்கொண்டே அடுத்ததைக் கேட்டாள்.

"எத்தனை மணி வரைக்கும்?"

"இருட்டுற வரைக்கும். பனி கருக்குனது போக மிச்சத்தை அழுகுறதுக்குள்ள எடுக்கணும்னு கங்காணி விரட்டுனான்."

"வேற ஏதாவது சேர்க்கணுமா? விவரம் கூடக் கூட நல்லது."

"ஒண்ணு இருக்கு. சேதி வந்ததும் நான் விழுந்துட்டேன். எல்லாரும் வாளியைப் போட்டுட்டு ஓடி வந்தாங்க. இவரு வாளியை ரொப்பிட்டு, லாரியில கொட்டி, சீட்டு வாங்கிட்டுத்தான் வந்தாரு. அதையும் எழுதும்மா. அவரு அங்கதான் இருந்தாருன்னு நம்புவாங்க."

நதேஜ் மெத்தைப் பார்த்தாள். "இருக்கட்டுமா? எடுத்துடவா?"

எடுத்தால் கடிதம் பலவீனம். மெத் தெராமென் சட்டம் தெரிந்தவர்.

"இருக்கட்டும்," என்றார்.

சிலியான் கட்டைவிரலை மையில் அழுத்தி வைத்துவிட்டு, காகிதத்திலேயே துடைத்துக்கொண்டு போனாள். கிழவி கைக்குட்டையால் தன் உதடுகளைத் துடைத்தாள். இரண்டு முறை. திங்கட்கிழமை சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

கைரேகை எடுக்கும் இயந்திரம், வெளுப்புத் தூளில் தேய்ந்த அவருடைய விரல்களை இரண்டு தடவை ஏற்க மறுத்தது. மூன்றாவது தடவை ஏற்றது. அக்டோபரில் அட்டை வந்தது. நவம்பரில், தெருவில் யாரும் எங்கே போகிறீர்கள் என்று கேட்காததால், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் இம்மோகாலிப் பேருந்தில் ஏறினார். பின்னிருக்கையில் உட்கார்ந்து அட்டையை வெளியே எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பெயர், பிறந்த நாள், நாடு, கைரேகை எல்லாம் இருந்தன.

தொழில் என்ன என்று குறிப்பிட அதில் இடமே கிடையாது.