பின்பக்கமாக நழுவிய தோள்

சமையலறைக் கடிகாரத்தில் ஐந்து நாற்பத்தைந்து. கடைசியாக அவன் பார்த்தபோது ஐந்து இருபது.

தரையில் கிடந்தான். கன்னத்துக்கு அடியில் ஈரம். டீத்தூள் டப்பா கவிழ்ந்து கிடந்தது. வாயில் இரும்பு ருசி. நாக்கின் வலது ஓரம் கிழிந்திருந்தது.

எழுந்து உட்கார்ந்தான். வலது முழங்கை மடங்கி, உள்ளங்கை வயிற்றோடு ஒட்டி நின்றது. கையை வெளிப்பக்கம் திருப்பப் பார்த்தான். தோள் பூட்டுப் போட்டதுபோல் இருந்தது.

உள்ளே மனைவியும் மகளும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இடது கையால் ஒரு துணி எடுத்து ரத்தத்தைத் துடைத்தான். ஒரு கையால் துணியைப் பிழிய முடியவில்லை. குப்பைக்கூடையின் அடியில் திணித்தான்.

இப்படி விழுந்து கிடப்பது இது இரண்டாவது தடவை. முதல் தடவை இரண்டு மாதத்துக்கு முன்பு, குளியலறையில். அன்று அடி எதுவும் படவில்லை. வெறும் வயிறு, தலைசுற்றல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அவன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறான். நாற்பத்தொரு பிள்ளைகள். ஒவ்வொரு வீட்டு முன்னாலும் இரண்டு முறை ஹாரன் அடிப்பான். பிள்ளைகள் அவனுக்கு வைத்த பெயர் ஹாரன் மாமா. அவனுடைய இருக்கைக்கு நேர் பின்னால் அவன் மகள் உட்காருவாள்.

ஆறு மணிக்கு மனைவி எழுந்து வந்தாள்.

"வழுக்கி விழுந்துட்டேன்."

"நாப்பது பிள்ளைங்களை அலுங்காம கொண்டு போறவரு. நாலடி சமையல் ரூம்ல விழுந்து வாரியிருக்கீங்க." சொல்லிக்கொண்டே கையைத் தொட்டாள். அவன் கத்தினான். அதற்குப் பிறகு அவள் கேலி செய்யவில்லை.

கரண்ட் கெட்டிலில் மகளுக்கு வெந்நீர் வைத்தாள். டீத்தூளைப் பெருக்கினாள். மாற்று டிரைவர் ஓட்டி வந்த பள்ளி வண்டியில் மகளை ஏற்றிவிட்டு, அவனை எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

எக்ஸ்ரே எடுக்கும் பெண் அவனைச் சுவரோடு நிறுத்தினாள்.

"டிரைவரா? அப்போ சுலபம். மூச்சுக்கு ஒரு பிரேக் போடுங்க. அவ்வளவுதான், ரிலீஸ் பண்ணுங்க." அவன் முகத்தைப் பார்த்தாள். "நீங்க ஹாரன் மாமாதானே? என் பையன் உங்க வண்டிதான். ரெண்டாம் வகுப்பு. தூங்குமூஞ்சி."

"ஜன்னலோரம்," என்றான். பேசினால் நாக்கு வலித்தது.

"அவனேதான். உங்ககிட்ட ஏத்திவிட்டுட்டா எனக்கு நிம்மதி."

திரையைப் பார்த்துவிட்டு, "உடைஞ்ச மாதிரி தெரியல. டாக்டர் பார்த்துச் சொல்லுவாரு," என்றாள். அவனுக்கு உயிர் வந்தது.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டி வெகுநேரம் பார்த்தார். "கையை வெளிப்பக்கம் திருப்புங்க."

திரும்பவில்லை.

"பார்த்தீங்களா, மேல்கை எலும்போட தலை. ஒரு பக்கமா சாஞ்சு தெரியணும். இது பல்ப் மாதிரி உருண்டையா இருக்கு. அக்குள் பக்கமிருந்து இன்னொண்ணு எடுத்துட்டு வாங்க."

இரண்டாவது படத்தில் அந்த எலும்புப் பந்து தோள்குழியில் இல்லை. குழிக்குப் பின்னால் இருந்தது.

"தோள்ல குழி ரொம்ப மேலோட்டம். தட்டுல வச்ச எலுமிச்சம்பழம்தான். அதனாலதான் கை நாலாபக்கமும் சுத்துது. அதனாலதான் கழண்டும் போகுது. பந்துல சின்னதா ஒரு பள்ளமும் விழுந்திருக்கு. மயக்கம் குடுத்து உள்ளே தள்ளிடலாம்." பேனாவை மூடினார். "எப்படி ஆச்சு?"

"வழுக்கி விழுந்துட்டாரு டாக்டர்," என்றாள் மனைவி.

"வழுக்கி விழுந்தா பெரும்பாலும் முன்பக்கமாத்தான் கழலும். பின்பக்கம் போறது அபூர்வம். அப்படிப் போனா நாங்க ரெண்டு கேள்வி கேட்போம். கரண்ட் ஷாக் அடிச்சுதா? வலிப்பு வந்துச்சா? உடம்புல எல்லா தசையும் ஒரே நேரத்துல இழுக்கும்போது, கையை உள்பக்கம் திருப்புற தசைதான் ஜெயிக்கும். பந்து பின்னால போயிடும்."

மேஜைக்கு அடியில் அவன் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. பிரேக் இருக்கும் இடம்.

போன மாதம் ஒரு சிக்னலில் மகள் அவன் முதுகைத் தட்டினாள். "அப்பா, பச்சை விழுந்துடுச்சு." பின்னால் வரிசையாக ஹாரன்கள். எவ்வளவு நேரமாக என்று அவனுக்குத் தெரியவில்லை. அன்று இரவு மகள் அம்மாவிடம் சொன்னாள், அப்பா கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்குறாரு என்று. மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஷாக்தான்," என்றான்.

மனைவி திரும்பினாள்.

"இவ பயப்படுவான்னு சொல்லல. கெட்டிலைத் தொட்டேன். தூக்கி அடிச்சிடுச்சு."

டாக்டர் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். கருகல் இல்லை. "இதுக்கு முன்னாடி எப்பவாவது நினைவு தப்பியிருக்கா?"

"இல்ல."

"வண்டி ஓட்டுறவர் நீங்க. அதனால கேட்கிறேன்."

"இல்ல டாக்டர்."

டாக்டர் எழுதினார். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஆறு மணிக்கு அதே கெட்டிலில்தான் அவள் வெந்நீர் வைத்தாள். மனைவியின் பக்கம் பார்க்கப் பயமாக இருந்தது.

மயக்க ஊசி போடும்போது எண்ணச் சொன்னார்கள். நான்குவரை எண்ணினான். அடுத்து கண் விழித்தபோது முதலில் கடிகாரத்தைத் தேடினான். பத்து ஐம்பது. இந்தத் தடவை போன நேரத்துக்குக் காரணம் இருந்தது.

தோளில் கையைத் தாங்கும் பட்டி. வலி பாதியாகியிருந்தது. மனைவி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கையில் டாக்டர் எழுதிய சீட்டு. காரணம் என்ற இடத்தில் மின்சாரம் தாக்கியது என்று இருந்தது.

"மூணு வாரம் பட்டியோட இருக்கணுமாம். அப்புறம் பயிற்சி. மூணு மாசத்துல ஸ்டியரிங் பிடிக்கலாம்னு சொல்றாரு."

"சரி."

"மயக்கத்துல இருந்தப்போ நர்ஸ் உங்க வாயைத் துடைச்சாங்க. நான் பக்கத்துல நின்னேன்."

அவன் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"நாக்கைப் பார்த்தேங்க. கடிபட்டுக் கிழிஞ்சிருக்கு."

வராந்தாவுக்கு எதிரே எக்ஸ்ரே அறையில் அந்தப் பெண் யாரையோ மூச்சைப் பிடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். மனைவி சீட்டை இரண்டாக மடித்தாள். நான்காக மடித்தாள்.

"டாக்டர் இன்னும் ரூம்லதான் இருக்காரு. அவர்கிட்ட நான் எதுவும் சொல்லல. நீங்களே சொல்லுங்க. மூணு மாசம் கழிச்சு, பாப்பாவை உங்க வண்டியில ஏத்தட்டுமா?"