மாமியார் கேட்ட கேள்வி

அந்தக் காப்பீட்டு அலுவலகத்தில் வாடிக்கையாளர் கணக்கையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பழைய புரோகிராமுக்கு ‘மாமியார்’ என்று பெயர். யார் வைத்தார்களோ, பொருத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். வயதானவள், பிடிவாதக்காரி, அவள் பாஷை இன்றைய பிள்ளைகளுக்குப் புரியாது, ஆனால் அவளை மீறி அங்கே ஒரு காரியமும் நடக்காது. அவளுக்குப் பணிவிடை செய்ய ஒரே ஒரு ஆள் இருந்தான். அவனை எல்லோரும் ‘மாப்பிள்ளை’ என்றார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவன் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்ளும் அளவுக்கு அந்தப் பெயர் ஒட்டிவிட்டது.

அவன் கதையைக் கேட்டு உச்சுக் கொட்ட அவசரப்படாதீர்கள், கண்ணுகளா. முழுவதும் கேட்டுவிட்டுக் கொட்டலாம்.

மாமியாருக்கு ஒரு வழக்கம் உண்டு. மாதக் கடைசியில் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நின்றுவிடுவாள். திரையில் ஒரே ஒரு கேள்வி வரும்: ‘தொடரலாமா?’ யாராவது ‘ஆம்’ என்று அடித்தால்தான் மேலே நகருவாள். இத்தனை வருஷத்தில் ‘இல்லை’ என்று அடித்தவர் கிடையாது. இருந்தாலும் அங்கிருந்த பொடியன்களுக்குத் தாங்களாக அடிக்கத் துணிவு வராது. உடனே மாப்பிள்ளைக்குப் போன் பறக்கும்.

மாப்பிள்ளை உடனே பதில் சொல்லிவிட மாட்டான். “கொஞ்சம் இருங்க” என்பான். நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியர் மாதிரி கண்ணை மூடிக்கொள்வான். பிறகு, “சரி, ஆம்னு அடிங்க” என்பான். அந்தக் கண்மூடலுக்கு ஒரு அர்த்தமும் இல்லை. சும்மா ஒரு மிடுக்கு.

மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று ‘ஆம்’ சொல்லிக்கொண்டிருந்தான். மைத்துனன் கல்யாணத்தில் எடுத்த குடும்பப் படம் இன்னும் அவர்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. எல்லோரும் காமிராவைப் பார்க்கிறார்கள். இவன் ஒரு காதில் போனும் இன்னொரு காதில் விரலுமாகத் தரையைப் பார்க்கிறான்.

அவனுடைய மேலாளருக்குக் ‘குடும்பம்’ என்று பட்டப்பெயர். சம்பள உயர்வு கேட்டாலும், லீவு கேட்டாலும், தலைவலி என்று சொன்னாலும், “நாம எல்லாம் ஒரே குடும்பம் இல்லையா?” என்பார். அந்த மனிதரின் நிஜக் குடும்பத்துப் பிள்ளைகள் எந்த வகுப்பில் படிக்கிறார்கள் என்பதே அவருக்குத் தெரியாது என்று கீழ்த்தளத்தில் சிரிப்பார்கள்.

மாப்பிள்ளையின் மனைவிக்குப் பல் ஆஸ்பத்திரியில் வேலை. வலிக்கிற இடம் எது என்று தேடாமலே தொடத் தெரிந்தவள். ஒருநாள் சொன்னாள்: “எங்கம்மா உங்களை இதுல பாதி தடவை கூப்பிட்டிருந்தா, என்னைக்கோ நம்பரை மாத்தியிருப்பீங்க.”

“அவசரம்னா கூப்பிடத்தானே செய்வாங்க?”

“கூப்பிடட்டும். நீங்க போனை எடுக்கும்போது முகத்துல ஒரு வெளிச்சம் வருது பாருங்க, அதைத்தான் சொல்றேன். பொண்ணு பாக்க வந்த அன்னைக்குக்கூட நான் அதைப் பாக்கல.”

அதற்கும் அவன் அசையவில்லை. அசைத்தது வேறு.

மகள் நீச்சல்காரி. பள்ளி நீச்சல் போட்டிகளில், பார்வையாளர் வரிசையில் அம்மாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று என்று இரண்டு நாற்காலியில் துண்டு போட்டு இடம் பிடித்து வைப்பது அவள் பழக்கம். ஒருநாள் காலை அவள் சமையலறையில் கேட்டது மாப்பிள்ளை காதில் விழுந்தது. “அம்மா, இன்னைக்கு அப்பாவுக்குத் துண்டு போடணுமா?” மனைவி அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: “வேண்டாம்டி. அதுல பையை வச்சுக்கலாம்.”

ஒரு பைக்கு இருக்கிற இடம் தனக்கு இல்லை! அந்த வாரமே ராஜினாமாக் கடிதம் கொடுத்தான்.

அடுத்த வேலையையும் தேடி வைத்திருந்தான். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் ஆசிரியர். சாயங்காலம் ஐந்து மணிக்கு வீடு. வண்டி ஓடும்போது போனைத் தொடவே கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. “அதுக்காகவே இதைப் பிடிச்சேன்” என்று மார்தட்டினான். சம்பளம் குறைவு என்று தயங்கிச் சொன்னபோது மனைவி, “ஆள் கிடைச்சா போதும்” என்றாள்.

அவன் இடத்துக்கு ஒரு பெண் வந்தாள். எதையும் ‘ஏன்?’ என்று கேட்காமல் விடாதவள். மாமியாரின் குணம், கோபம், குறுக்கு வழி எல்லாவற்றையும் வாரக்கணக்கில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தான். கேள்வி வரும் இடத்தில் மட்டும் அவள், “இது ஏன் சார் இங்க நிக்குது?” என்று கேட்க, “அது அப்படித்தான்மா. நின்னா எனக்கு ஒரு போன் போடு” என்று தாண்டிப் போனான்.

கடைசி நாளில் கேக் வெட்டினார்கள். குடும்பம் எழுந்து பேசினார். “இது உங்க வீடு. எப்ப வேணா வரலாம்.” கைதட்டினார்கள். மேசையில் மறந்து வைத்த கண்ணாடியை எடுக்க மாப்பிள்ளை வாசலிலிருந்து திரும்பினான். கதவு திறக்கவில்லை. கேக்கைத் தின்று முடிப்பதற்குள் கதவு திறக்கும் அவன் அட்டையைச் செல்லாததாக்கிவிட்டார்கள். அவன் வீடாம்!

புது வேலை ஆரம்பித்தது. கற்றுக்கொடுக்கும் காரில் ஆசிரியர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு, ஆபத்துக்கு. மாப்பிள்ளை அதை ஆபத்துக்கு வைத்திருக்கவில்லை. முக்குக்கு முக்கு மிதித்தான். குப்பைத் தொட்டியைப் பார்த்து மிதித்தான். நின்றுகொண்டிருக்கும் வண்டியைப் பார்த்தும் மிதித்தான். பள்ளியை நடத்தும் அம்மாள் கூப்பிட்டு, “அண்ணே, இந்த வண்டிக்கு ஆக்ஸிலேட்டரே கிடையாதான்னு படிக்கிற பிள்ளைங்க என்கிட்ட வந்து கேக்குதுங்க” என்றாள்.

ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தான். ஆனால் வந்ததும் போனைச் சாப்பாட்டு மேசையில், தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில், திரை மேலே தெரிய வைத்தான். மகள் பள்ளிக் கதை சொன்னால் ‘ம்’ கொட்டினான். கண் மேசைமேல் இருந்தது. ஒருநாள் அது மணி அடித்தே விட்டது. குடும்பம்! மாப்பிள்ளை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

“சொல்லுங்க சார். நின்னுட்டாங்களா?”

“யாரு? அதில்லப்பா, கார் நிறுத்துற சீட்டை நீ திருப்பிக் கொடுக்கலையாம். தபால்ல அனுப்பிடு.”

மனைவி தட்டைப் பார்த்துச் சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை.

அந்த மாதக் கடைசி நாளில்தான் நீச்சல் போட்டியும் வந்தது. மகள் இரண்டு நாற்காலியில் துண்டு போட்டிருந்தாள். மாப்பிள்ளை அவனுக்குரிய துண்டின்மேல் உட்கார்ந்தான். குளோரின் வாடை, ஊதல் சத்தம், ஈரத் தரையில் வெறுங்கால்கள். மாமியார் இந்நேரம் நின்றிருப்பாள் என்று அவனுக்குத் தெரியும். முழங்காலின்மேல் போன். அது சும்மா கிடந்தது. மகள் குதிக்கும் மேடையில் ஏறி நின்று, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, அவன் பக்கம் பார்த்தாள். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஒரு நிமிஷம்” என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வெளியே போனான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை, செல்லங்களா. அவன்தான் கூப்பிட்டான், அவன் இடத்துக்கு வந்த பெண்ணை.

“ஏம்மா, மாமியார் நின்னுட்டாளா? பயப்படாதே. கொஞ்சம் இரு, நான் சொல்றேன்…”

“கணக்கு முடிஞ்சிடுச்சே சார். நான் கிளம்பிட்டேன்.”

“கேள்வி கேட்டிருப்பாளே?”

“அந்தக் கேள்வியையே எடுத்துட்டேன் சார். பிரிண்டர்ல பேப்பர் இருக்கான்னு பாக்குறதுக்காக யாரோ நிறுத்தி வச்சிருந்தாங்க. அந்தப் பிரிண்டரை எப்பவோ எடைக்குப் போட்டாச்சாமே?” அவள் சற்றுத் தயங்கினாள். “வச்சவங்க பேரு பக்கத்துலயே எழுதியிருந்தது சார். நீங்கதான்.”

அவனுக்கு அது தெரியாதா? தெரியும். அந்தப் பிரிண்டரை லாரியில் ஏற்றிய அன்றே தெரியும். அன்றைக்கே அந்த ஒரு வரியை எடுத்திருந்தால் மகள் பிறந்தபோது அறைக்குள்ளே நின்றிருக்கலாம். எடுக்க மனசு வரவில்லை. யாராவது கூப்பிட வேண்டும், அவன் ‘கொஞ்சம் இருங்க’ என்று சொல்ல வேண்டும். அலுவலகம் அவன் ஆயுளைத் தின்றது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தானே, இலை போட்டுப் பரிமாறியவன் அவனேதான். தூ!

உள்ளே திரும்பியபோது போட்டி முடிந்திருந்தது. மகள் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மனைவி.

“ஜெயிச்சியா பாப்பா?”

“யாருப்பா போன்ல?”

‘ஆபீஸ்ல கூப்பிட்டாங்க’ என்பது வாய்வரைக்கும் வந்துவிட்டது. அத்தனை வருஷப் பழக்கம். மனைவி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், சொத்தைப் பல்லைப் பார்ப்பது மாதிரி.

“யாரும் கூப்பிடல. நான்தான் கூப்பிட்டேன்.”

“அவங்களுக்கு நீங்க வேணுமாமா?”

“இல்ல. வேணாமாம். எப்பவுமே வேண்டியிருந்ததில்ல.”

அவள் யோசித்தாள். “நான் வேணும்னுதான் துண்டு போட்டேன்” என்றாள். குரல் உயரவில்லை. “அடுத்த தடவை பையை வச்சுக்கறேன்.”

அடுத்த போட்டிக்கு மாப்பிள்ளை போனை வீட்டில் வைத்துவிட்டு வந்தான். வரிசையில் மனைவியின் நாற்காலிமேல் துண்டு இருந்தது. அடுத்ததில் பை, சொன்னபடியே. மாப்பிள்ளை கொஞ்ச நேரம் நின்றான். பின்னால் இருந்தவர், “சார், மறைக்குது” என்றார். பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். உள்ளே ஈர உடை போலிருக்கிறது, முழங்கால் நனைந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

மகள் குதிக்கும் மேடையில் ஏறி நின்றாள். தொப்பியைச் சரிசெய்தாள். மேலே பார்த்தாள். கை அசைக்கவில்லை, சிரிக்கவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். பிறகு குதித்தாள்.

அவனுக்கு அதுவே அதிகம்.